மார்கழியில் பூட்டாத ரயர்

உ

லா சப்பல், பாரிஸ்
13.1.87

பேரன்புள்ள பெரிய மச்சாள் சாரதாதேவி அவர்களுக்கு,

உங்கடை தங்கச்சியின் புருசன் தவரத்தினம் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இஞ்சை நான், உங்கடை தங்கச்சி, தம்பி ஸ்ரீஸ்கந்தராசா, அவனுக்கு நீங்கள் பேசி அனுப்பிய பொம்பிளை தில்லைநாயகி, நாலு பேரும் ஒரு எலும்பும் முறியாமல் இருக்கிறம். வெள்ளவத்தையில் நீங்களும் சகலனும் அதேபோல முறியாமல் இருக்க நல்லூரான் துணை செய்யட்டும். சுகம் விசாரிக்கிறவன் ஏன் எலும்பைப் பற்றி எழுதிறான் எண்டு நீங்கள் யோசிப்பியள். சொல்லுறன். முதல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு செம்பு தண்ணியும் கிட்ட வைச்சுக்கொண்டு இருங்கோ. தலையைச் சுத்த முதல் தெரியவேண்டியதைச் சொல்லிப்போடுறன்: பொம்பிளை சுகமாய் வந்திட்டா, ஆனால் கலியாணம் நடக்குமோ நடவாதோ எண்டது இப்ப நாலு ரயரிலை தொங்கிக்கொண்டு நிக்குது.

தம்பி போன ஆவணியிலை கார் வாங்கினதை உங்களுக்கு எழுதியிருப்பான். என்ன கார் எண்டு எழுதியிருக்க மாட்டான். அது ஜேர்மன் கார், சிவப்பு, ஆறு சிலிண்டர். நாங்கள் ஏறுற கார் இல்லை மச்சாள், படுக்கிற கார். கோழிக்கூட்டுக்குள்ளை முட்டை எடுக்கப் போற மாதிரிக் குனிஞ்சு போய், வெளியிலை வரேக்கை ஆரும் கை தரவேணும். காலைச் சும்மா வைச்சாலே உறுமிக்கொண்டு பாயும். அதின்ரை இஞ்சின் முன்னுக்குக் கிடக்கு, ஆனால் தள்ளுறது பின் சில்லு ரெண்டும். ஒரு சின்ன வண்டிலைப் பின்னாலை நிண்டு யானை தள்ளினால் எப்பிடி, அப்பிடி. காய்ஞ்ச ரோட்டிலை வலு சோக்காய்ப் போகும். தம்பி ஆர்ஜொந்தெயிலை இருந்து எங்கடை வீட்டுக்கு வாறதுக்கு முதலே சத்தம் வந்திடும், உங்கடை தங்கச்சி தோசைக்கல்லை வைச்சிடுவா. அவ்வளவுக்கு வேகம்.

பொபினியிலை கராஜ் வைச்சிருக்கிற ரேமண்ட் எண்ட பாண்டிச்சேரி மனிசன்தான் அந்தக் காருக்கு வைத்தியர். முந்திப் பிரெஞ்சு ஆமியிலை மலைப் பக்கம் லொறி ஓடினவர். கார்த்திகை முடியேக்கையே தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டார், "இதோ பாரு ஸ்ரீ, நல்ல ரோட்டுல இது குதிரை. பனியில இது சோப்பு. இப்ப நீ போட்டிருக்கிறது வெயில் டயர். குளிர் வந்தா அந்த ரப்பர் நேத்து வடை மாதிரி கட்டியாயிடும், தரையைப் பிடிக்காது. பனி டயர் ரப்பர் மெத்துனு இருக்கும், மேல சின்னச் சின்னதா வெட்டு இருக்கும், அதுதான் பிடிக்கும்" எண்டு. இவன் கேட்டான், "அகலமான ரயராய்ப் போடுவம் மஸியே, காருக்கு வடிவாய் இருக்கும்" எண்டு. ரேமண்ட் சொன்னார், "அகலமா வேணும்னா கல்யாணத்துக்கு ஜமக்காளம் வாங்கு. பனிக்கு ஒல்லியா இருக்கணும், அப்பத்தான் பனியை வெட்டிக்கினு போய்த் தரையைத் தொடும். அப்புறம் வாங்கினா நாலும் வாங்கு. ரெண்டு மட்டும் மாட்டினா கார்ல பாதி ஒரு ஊருக்கும் பாதி இன்னொரு ஊருக்கும் போகும்." தம்பி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாலு ஒல்லி ரயர் வாங்கினான். ரேமண்ட் அதுகளைப் பழைய இரும்பு றிம்மிலை ஏத்தி, காத்தும் அடிச்சு, சனிக்கிழமை வா, நட்டைக் கழட்டி மாத்திறதுதான் வேலை எண்டு விட்டார்.

வெள்ளிக்கிழமை உங்கடை கடிதம் வந்துது மச்சாள். "மார்கழி பிறந்திட்டுது. புதுசாய் ஒண்டும் தொடங்காதை, புதுச் சாமான் ஒண்டும் பாவிக்காதை, தை முதலாந் திகதி பொங்கிப் படைச்சுப்போட்டு எல்லாத்தையும் தொடங்கு" எண்டு நீங்கள் உங்கடை முத்து முத்தான எழுத்திலை எழுதியிருந்தியள். நீங்கள் ரயரை நினைச்சு எழுதேல்லை எண்டு எனக்குத் தெரியும். உடுப்பை நினைச்சு எழுதியிருப்பியள், சட்டி பானையை நினைச்சு எழுதியிருப்பியள். ஆனால் உங்கடை தம்பிக்குப் பெரியக்கா சொன்னால் சொன்னதுதான். ரயர் நாலையும் கராஜிலை இருந்து எடுத்துத் தன்ரை அறைக்குள்ளை கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்குப் பக்கத்திலை அடுக்கிவிட்டான். உங்கடை தங்கச்சி போய் நாலுக்கும் சந்தனம் குங்குமம் வைச்சவ. நான் போனால் அதிலைதான் இருந்து தேத்தண்ணி குடிக்கிறது. "அத்தான், சாமி ரயர், இருக்காதேங்கோ" எண்டுவான். "எடேய், சாமியின்ரை மடியிலை இருந்தால் என்னடா?" எண்டு நான் கேப்பன். எழும்ப மாட்டன். மெத்தெண்டு இருக்கும்.

பேந்து உங்கடை தந்தி. பொம்பிளையின்ரை விசா முடியப் போகுது, தை பிறக்கும்வரை பாத்துக்கொண்டிருக்க ஏலாது, ஞாயிற்றுக்கிழமை விடியப் பிளேனிலை வந்து இறங்கிறா எண்டு. நான் உங்கடை தங்கச்சியிட்டை ஒண்டே ஒண்டுதான் கேட்டனான்: "அப்ப பிளேனுக்கு மார்கழி இல்லை, ரயருக்கு மட்டும்தான் இருக்கோ?" அவ அகப்பையோடை திரும்பினா. நான் பேந்து கேக்கேல்லை.

அவ வந்து இறங்க முதல்நாள், சனிக்கிழமைதான் பனி கொட்டத் தொடங்கினது. பனி எண்டவுடனை திருவெம்பாவைக்குப் போகேக்கை நாங்கள் தலையிலை துவாயைப் போட்டுக்கொண்டு போற பனியை நினையாதேங்கோ. இது மேலை ஒருத்தன் இருந்து மூட்டை மூட்டையாய் அரிசிமாவை அவிட்டுக் கொட்டுற மாதிரி. கொட்டினது கொட்டினபடி கிடந்தால் பரவாயில்லை. நாலு கார் அதுக்கு மேலாலை போக, அமத்துப்பட்டு, இராக் குளிருக்குக் கண்ணாடியாய்ப் போகும். அதிலை நடக்கிறதுக்கே இஞ்சத்தைக் கிழவியள் செருப்புக்கு மேலை சொக்ஸ் போடுறாளவை. மற்றப் பக்கத்தாலை ரயில்காரர் வேலைநிறுத்தம், கிறேவ் எண்டு சொல்லுறது, நத்தார்ப் பண்டிகைக்கு முதலே தொடங்கினது, ஒரு ஒழுங்கான ரயில் இல்லை. ராக்ஸிக்காரர் வரமாட்டினமாம். பாசை தெரியாத ஒரு பொம்பிளைப் பிள்ளை ஏர்போட்டிலை வந்து இறங்கப்போறா. கார்தான் வழி.

தம்பி விடிய வெளிக்கிடமுதல் ரேமண்டுக்கு ரெலிபோன் அடிச்சவன். அவர் சொன்னாராம், "போகாதே. போயே தீரணும்னா அந்த டயரை மாட்டு." "மாட்டமாட்டன்." "ஏன்யா?" "மார்கழி மஸியே." ரேமண்ட் பேந்து, "சரி, கிறுக்கன்கிட்டப் பேசி என்ன. பின்சக்கரத்துக்கு மேல பாரம் ஏத்து. ரெண்டாவது கியர்ல கிளம்பு. ஆக்ஸிலேட்டர் மேல அப்பளம் இருக்குனு நினைச்சுக்க, அது நொறுங்காம மிதி. பிரேக்கை மறந்துடு, கியரைக் குறைச்சு நிறுத்து. முன்னால போறவனுக்கும் உனக்கும் நடுவுல ஒரு தெருவே இருக்கணும். வழுக்கிச்சுனா பயந்து அமுக்காதே, காலை எடு, போகவேண்டிய பக்கம் பார்த்து ஸ்டீரிங்கை மெதுவா ஒடி" எண்டு பாடம் எடுத்திருக்கிறார்.

பாரத்துக்கு உங்கடை தம்பி என்ன ஏத்தினவன் தெரியுமோ மச்சாள்? அந்த நாலு பனி ரயரையும் ஏத்தினவன். ரெண்டு டிக்கிக்குள்ளை, ரெண்டு பின் சீற்றிலை. பனியிலை வழுக்காமல் இருக்கிறதுக்கெண்டு வாங்கின ரயரைக் காருக்குள்ளை வைச்சுக்கொண்டு, வழுக்கிற ரயரிலை வாறான். எங்கடை வீட்டடிக்கு வந்து நிக்கேக்கை ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. "அது எங்கையடா?" எண்டன். "ஒரு லைற் போஸ்ற்றிலை நிக்குது" எண்டான். நான் முன் கதவைத் திறக்கப் போனன்.

"அத்தான், நீங்கள் பின்னாலை இருங்கோ."

"ஏன்ரா, முன் சீற் சும்மாதானே கிடக்கு?"

"பாரம் பின்னாலை வேணும்."

மேலை சன்னலுக்குள்ளாலை உங்கடை தங்கச்சி கத்துறா, "ஏத்தடா தம்பி, ஏத்து, இண்டைக்காவது அந்த மனிசன் ஒண்டுக்கு உதவட்டும்" எண்டு. தெரு முழுக்கச் சிரிச்சுது. நான் ரெண்டு ரயருக்கு நடுவிலை, கோயில் தேரிலை ஐயர் இருக்கிற மாதிரி இருந்தன்.

அப்பளம் போர்த் த லா சப்பலிலையே நொறுங்கிச்சுது. ஓட்டோறூட் எண்ட பெரிய ரோட்டுக்கு ஏறுற இடத்திலை இவன் பழக்க தோசத்திலை ஒரு மிதி மிதிச்சான். காரின்ரை பின்பக்கம் நான் முன்னுக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டுது. நான் சன்னலுக்குள்ளாலை பாக்கிறன், முதல் ஒரு பாலம் போகுது, பேந்து ஒரு லொறி போகுது, பேந்து வந்த பாலமே திரும்பி வருகுது. ஒண்டரைச் சுத்துச் சுத்தி நிண்டாப்போலை பாத்தால் கார் எங்கடை வீட்டுப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்குது. அந்தக் காருக்கு எங்களைவிட மூளை கூட. கடவுளேயெண்டு பின்னாலை ஒருத்தரும் வரேல்லை. தம்பிக்கு வேர்த்துக் கொட்டுது, அந்தக் குளிருக்கை. பேந்துதான் ரேமண்டின்ரை பாடம் ஞாபகம் வந்து, ரெண்டாம் கியரிலை எடுத்து, உப்புப் போடுற லொறி ஒண்டுக்குப் பின்னாலை ஒரு தெருத் தூரம் விட்டு, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேந்தம். குதிரைக் காரைக் கழுதையாய் ஓட்டினால் பனியிலை போகலாம் எண்டது அண்டைக்குத்தான் கண்டது.

ஏர்போட்டிலை பொம்பிளை தன்ரை பெட்டிக்கு மேலை இருந்தா. நூல் சீலை, காலிலை சொக்ஸ், அதுக்குமேலை செருப்பு. ஊரிலையிருந்தே பழகிக்கொண்டு வந்திருக்கிறா. அழேல்லை, பயப்பிடேல்லை, கோவிக்கவும் இல்லை. எங்களைக் கண்டவுடனை எழும்பி, "பனியாலை பிந்தினீங்களோ?" எண்டா. வீட்டிலை கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு பாடமாக்கினதெல்லாம் தம்பிக்கு மறந்து போச்சு. "ஓம்" எண்டான். அவ்வளவுதான். அவவை முன்னாலை இருத்தினம். திரும்பிப் பாத்தா.

"அண்ணை, நீங்கள் ஏன் பின்னாலை இருக்கிறியள்?"

"பாரத்துக்குப் பிள்ளை."

"பக்கத்திலை உது என்ன?"

தம்பி சொன்னான், "பனி ரயர்."

"பனிக்குப் பூட்டுறதோ?"

"ஓம்."

"வெளியிலை கிடக்கிறது என்ன?"

"பனி."

அவ முன்னுக்குத் திரும்பி இருந்தா. மச்சாள், கன பொம்பிளையள் கத்திறதை நான் கேட்டிருக்கிறன், என்ரை வீட்டிலையும் ஒண்டு இருக்கு. ஆனால் அந்தச் சும்மா இருந்த இருப்புக்கு நான் பயந்து போனன்.

பாதி வழியிலை ஜொந்தாம் மறிச்சான். ஓட்டோறூட்டிலை நிக்கிற பொலிஸ். வெளி ரயரைக் காலாலை தட்டிப் பாத்தான், டிக்கியைத் திறக்கச் சொன்னான். திறந்தால் புத்தம் புது ரெண்டு பனி ரயர், சந்தனம் குங்குமத்தோடை. பின் சீற்றைப் பாத்தான், அங்கையும் ரெண்டு, நடுவிலை நான். ஏன் பூட்டேல்லை எண்டு கேட்டான். தம்பி தனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சிலை விளங்கப்படுத்தினான், இது எங்களுக்கு ஆகாத மாசம், இன்னும் மூண்டு நாளிலை முடிஞ்சிடும், அண்டைக்குப் பால் பொங்கவிட்டுப் பூட்டுவன் எண்டு. ஜொந்தாம் மற்ற ஜொந்தாமைக் கூப்பிட்டுச் சொன்னான், "இவையின்ரை ரயர் நோன்பு பிடிக்குதாம்" எண்டு. ரெண்டு பேரும் சிரிச்சுப்போட்டு, மூஞ்சையை இறுக்கிக்கொண்டு சொன்னாங்கள்: பூட்டிக்கொண்டு போ, இல்லாட்டி காரை விட்டிட்டு நடந்து போ.

தம்பி அசையேல்லை. அப்ப அவ இறங்கினா. பனிக்குள்ளை செருப்போடை.

"பூட்டக் கூடாதெண்டு ஆர் சொன்னது?"

"பெரியக்கா."

"மார்கழியிலை என்னைப் பிளேனிலை ஏத்தினது ஆர்?"

"பெரியக்காதான்."

"அப்ப உங்களுக்கு நான் புதுசில்லையோ?"

அந்த ஜொந்தாமுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவனும் தலையைக் குனிஞ்சான். தம்பி காரைத் தூக்கிற ஜக்கை எடுத்தான். எடுத்தவன் நாலையும் பூட்டியிருக்க வேணுமெல்லே? பூட்டேல்லை. "ரெண்டு பூட்டினால் தொடங்கினதாய்க் கணக்கில்லை" எண்டு தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டு, பின்னுக்கு மட்டும் ரெண்டைப் பூட்டினான். குளிருக்கு ஜொந்தாம்மாரும் கெதியாய்ப் போங்கோ எண்டு விட்டிட்டாங்கள்.

ரேமண்ட் சொன்னது சரி. நேரை போகேக்கை சோக்காய்ப் போச்சு, பின் சில்லு நல்லாய்ப் பிடிச்சுத் தள்ளுது. எங்கடை தெருவுக்குத் திரும்பிறதுக்கு ஸ்ரேரிங்கை ஒடிக்கிறான், முன் ரயர் பழைய வடையெல்லே, அது கேக்கேல்லை. சில்லு திரும்பி நிக்குது, கார் நேரை போகுது. நேரை எண்டால் தெரு மூலையிலை எங்கடை ஆள் வலன்ரைனின்ரை மரக்கறிக் கடை. மெள்ளத்தான் போய் முட்டினது, ஆனால் கத்தரிக்காயும் கறிமிளகாயும் பனியிலை உருண்டு ஓடினதைப் பாக்க வடிவாயிருந்துது. வலன்ரைன் வெளியிலை ஓடிவந்து, "பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வாறதெண்டால் வாசலாலை வாங்கோவன்" எண்டான். லா சப்பலிலை இருக்கிற தமிழ்ச்சனம் அவ்வளவும் பாத்துக்கொண்டு நிக்க, தில்லைநாயகி இறங்கி, குனிஞ்சு நாலு கத்தரிக்காயைப் பொறுக்கி அவன்ரை கையிலை குடுத்திட்டு எங்கடை வீட்டுக்கு ஏறினா.

சாப்பிட்டாப் பிறகுதான் கதைச்சா, அதுவும் மெள்ள, உங்கடை தங்கச்சியோடை. "அக்கா, நான் இவரின்ரை பெரியக்காவிலை பிழை சொல்லேல்லை. அவ நல்லதுக்குத்தான் எழுதினவ. ஆனால் நாளைக்கு எனக்குக் காய்ச்சல் எண்டாலும் மருந்து வாங்க இவர் கொழும்புக்கு எழுதிக் கேப்பாரோ? மற்ற ரெண்டு ரயரையும் தை பிறந்து பூட்டினால் அது அக்கா பூட்டினது. தைக்கு முதல் பூட்டினால் அது இவர் பூட்டினது. அப்பிடிப் பூட்டினால் கலியாணத்தைப் பற்றிக் கதைப்பம். இல்லாட்டி ஜெனீவாவிலை மாமா இருக்கிறார், நான் அங்கை போறன்" எண்டா.

தம்பியிட்டைப் போய்ச் சொன்னன். பகிடி விடாமல்தான் சொன்னன். அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு, "அத்தான், அம்மா செத்தாப் பிறகு எனக்குத் தலை வாரி விட்டது, பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனது எல்லாம் பெரியக்கா. அவ சொல்லி நான் செய்யாமல் விட்டது ஒண்டும் இல்லை. பொம்பிளையை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனால் நான் என்ன செய்ய?" எண்டான். நேற்று முழுக்க எங்கடை பின் அறையை விட்டு வெளிக்கிடேல்லை. இண்டைக்குப் போய் ரூ லூயி-பிளாங்கிலை ரெலிபோன் கடையிலை நிண்டு உங்களுக்கு அடிச்சுப் பாத்தான், லைன் கிடைக்கேல்லை. மார்கழி இண்டு இரவோடை முடியுது. இந்தக் கடிதம் உங்கடை கைக்கு வரேக்கை தை பிறந்து எல்லாம் முடிஞ்சிருக்கும் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதிறன், வேறை ஆருக்கு எழுத?

நான் கேக்கிறது இதுதான் மச்சாள். "உன்ரை காரையும் உன்ரை மனிசியையும் இனி நீயே பார்" எண்டு உங்கடை முத்தெழுத்திலை அவனுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கோ. அவ ஜெனீவாவுக்குப் போனாலும் கூப்பிட்டுக் கொண்டுவரலாம். கலியாண நாளை மட்டும் நீங்கள்தான் பஞ்சாங்கம் பாத்து, ராகுகாலம், மரணயோகம், கரிநாள் ஒண்டும் முட்டாமல் வைச்சுத் தரவேணும். அதிலை நாங்கள் ஒருத்தரும் கை வைக்க மாட்டம். நீங்கள் சொல்லுற நாளிலை, சொல்லுற நேரத்திலை தாலி ஏறும். இது தவரத்தினத்தின்ரை வாக்கு.

சகலனைக் கேட்டதாய்ச் சொல்லுங்கோ. குளிருக்கை இருக்கிற எங்களுக்காகக் கடலோரமாய் ஒருக்கால் நடந்து வரச் சொல்லுங்கோ. உங்கள் எல்லாருக்கும் நோய் நொடி இல்லாமல், நித்திரை குறையாமல் இருக்க முருகன் அருள் புரிவானாக.

இப்படிக்கு,
என்றும் மாறாத அன்புள்ள,
மு. தவரத்தினம்

பி.கு.: இரவு எழுதி, விடியப் போஸ்ற் பண்ணுவம் எண்டு வைச்சிருந்தன். இன்னும் விடியேல்லை, தை பிறக்கேல்லை, இப்பதான் கீழை சத்தம் கேட்டு எட்டிப் பாத்தன். தம்பி பனிக்குள்ளை முழங்கால் குத்தி நிண்டு முன் சில்லைக் கழட்டிறான். இப்ப போய்ப் பூட்டெண்டு ஒருத்தரும் அவனுக்குச் சொல்லேல்லை, அவனும் ஒருத்தரையும் கேக்கேல்லை. தில்லைநாயகி உங்கடை தங்கச்சியின்ரை கோட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்திலை நிண்டு நட்டுகளைக் கையுக்குள்ளை பொத்தி வைச்சிருக்கிறா, பனிக்குள்ளை விழுந்து துலையாமல். நான் இறங்கிப் போறதுக்கிடையிலை நாலும் பூட்டி முடிஞ்சு, ரெண்டு பேரும் காருக்குள்ளை இருந்து ஏதோ கதைச்சுக்கொண்டிருந்தினம். என்ன கதை எண்டு கேட்டன். கலியாண நாளாம். வாற மாசம் ரெண்டாவது சனிக்கிழமை எண்டு வைச்சுப்போட்டினம். சனிக்கிழமை ஏன் எண்டால் அண்டைக்குத்தான் அவனுக்கு வேலை லீவு. ஆகையால் மேலை நான் தந்த வாக்கை நீங்களே பேனையாலை வெட்டிவிடுங்கோ. பஞ்சாங்கத்திலை அது என்ன நாள் எண்டு நான் பாக்கேல்லை. நீங்களும் பாராதேங்கோ மச்சாள், வாறதுக்குப் பிளேன் ரிக்கற்றைப் பாருங்கோ.